பள்ளிக்கூடம் எப்போது திறக்கும்?: பெருந்தொற்றுக் காலத்துக் கல்வி அறிவிப்புகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

பாலம் கட்டுவதையும் வரி விதிப்பதையும் அரசாங்கத்தின் காரியங்களாக எண்ணும் நாம், அது மக்களை நோக்கிச் சொல்லும் சொல்லையும் அவற்றுக்குச் சமமான ஒரு காரியமாக எண்ணிப் பழகவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு ஆண்டு காலம், தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளை உடைய ஒவ்வொரு குடும்பமும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்து, அது வந்தபோது அதன்படியே தன் அன்றாட வாழ்க்கையை அமைத்தும், மாறியபோது கலைத்தும், மறுபடி அமைத்தும் வந்தது. அக்காலத்து அறிவிப்புகளைத் தேதி வரிசையில் எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார், எந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார், அந்தச் சொல் எத்தனை நாள் நிலைத்தது என்ற கேள்விகளை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தால், கல்வி என்ற பெயரில் நம் சமூகம் எதை மனத்தில் வைத்திருக்கிறது என்ற பெரிய விஷயமே சற்றுத் துலங்குகிறது. பள்ளி மூடப்பட்டதால் எந்தப் பிள்ளைகளுக்கு நஷ்டம் அதிகமோ, அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் அறிவிப்புகள் மிகக் குறைவாகப் பேசின என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வந்த வழியை இங்கே விவரிக்கிறேன்.

2020 மார்ச் 16-ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி, மாநிலத்தின் கல்வி நிலையங்கள் யாவும் அம்மாத இறுதி வரை மூடப்படும் என்று அறிவித்தார். பொதுத் தேர்வுகளுக்கு மட்டும் அந்த அறிவிப்பில் விலக்கு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகள் நடந்துகொண்டே இருந்தன. கடைசிப் பரீட்சை மார்ச் 24-ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அன்றே மாலை 6 மணியிலிருந்து மாநிலம் முழுவதும் 144 தடையுத்தரவு அமலுக்கு வரும் என்று அதற்கு முந்திய நாள் அறிவிக்கப்பட்டது. ஆகவே அன்று காலை வேதியியலோ கணக்குப்பதிவியலோ புவியியலோ எழுத வேண்டியிருந்த பிள்ளையின் வீட்டில், பரீட்சை உண்டு என்ற ஒரு சொல்லும், மாலைக்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்ற மற்றொரு சொல்லும் ஒரே அரசாங்கத்திடமிருந்து வந்து எதிரெதிரே நின்றன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அன்று பரீட்சைக்கு வரவில்லை. அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு அளிக்கப்படும் என்று பின்னர் வாக்குறுதி தரப்பட்டு, ஜூலை 27-ஆம் தேதி மறுபரீட்சையும் நடந்தது. ஆனால் அதை எழுத வந்தவர்கள் மிகச் சிலரே. நான்கு மாத இடைவெளிக்குப் பின் ஒரு வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பதால் போன வாய்ப்பு முழுவதும் திரும்பி வந்துவிடுவதில்லை.

சாதாரண காலத்தில் பள்ளிக் கல்வித் துறையின் உத்தரவு ஒரு குடும்பத்தை வந்தடையும் மார்க்கம் நீண்டது, ஆனால் நிச்சயமானது. தலைமைச் செயலகத்தில் அரசாணை பிறக்கும். அதை ஒட்டி இயக்குநரின் செயல்முறைகள் என்னும் உத்தரவுகள் வரும். அவற்றை மேற்கோள் காட்டி மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் தம்முடைய செயல்முறைகளை ஒரு கோப்பு எண்ணோடு அனுப்புவார், அது வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகத் தலைமையாசிரியரின் மேசைக்கு வந்து, சுற்றறிக்கைப் புத்தகத்தில் எல்லா ஆசிரியர்களின் கையொப்பத்தையும் பெற்று, மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகளின் காதில் விழுந்து, மாலையில் அவர்கள் வாயிலாகத் தாய் தகப்பனைச் சேரும். இந்த ஏற்பாடு முழுவதற்கும் கடைசிக் கண்ணி, பள்ளிக்கு வரும் பிள்ளை. பள்ளி மூடப்பட்ட அன்றே அந்தக் கண்ணி அற்றுப்போயிற்று. அதன் இடத்தில் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் செய்தி வரியும், வகுப்பு ஆசிரியர் ஏற்படுத்திய வாட்ஸ்அப் குழுவும் வந்து அமர்ந்தன. அதன் பயனாக வரிசையே தலைகீழாயிற்று: தகப்பனார் செய்தியைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைப்பார்; தலைமையாசிரியரோ தமக்கு இன்னும் செயல்முறைகள் வரவில்லை என்று உண்மையையே சொல்வார்; அந்த உண்மையை அவர் எதையோ மறைப்பதாகத் தகப்பனார் எடுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பட்ட மனச் சங்கடத்துக்கு இதுவே மூலகாரணம் என்று நான் கருதுகிறேன். அவர்கள் பொறுமையோடு அதைத் தாங்கியதற்கு நாம் இன்னும் நன்றி சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பின் கதை இந்தக் குழப்பத்தைப் பூரணமாகக் காட்டுவதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 2020 மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய அப்பரீட்சை முதலில் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு என்று தள்ளி வைக்கப்பட்டது. ஊரடங்கு நீடித்தது. மே 12-ஆம் தேதி, ஜூன் 1-இல் தொடங்கி 12-இல் முடியும் என்று ஒரு கால அட்டவணை வந்தது. ஒரு வாரம் கழித்து அது ஜூன் 15 முதல் 25 வரை என்று மாற்றப்பட்டது. நெருக்கத்தைத் தவிர்ப்பதற்காகத் தேர்வு மையங்கள் பன்மடங்கு பெருக்கப்பட்டன; நுழைவுச் சீட்டுகள், முகக் கவசங்கள், பேருந்துகள் என்று சர்க்காரின் இயந்திரம் முழு முயற்சியோடு இயங்கியது. ஜூன் 8-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் வினீத் கோத்தாரியும் ஆர். சுரேஷ்குமாரும் அமர்ந்த அமர்வு, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இந்த ஆபத்தில் இறக்குவது ஏன் என்று வினவியது. மறுநாளே முதலமைச்சர் பரீட்சையை ரத்து செய்து, காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதமும், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவித்தார். ஆகஸ்டு 10-ஆம் தேதி வெளியான முடிவில் அனைவரும் தேர்ச்சி.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூன்று தேதிகள் சொல்லப்பட்டு மூன்றும் நடக்கவில்லை என்பதற்காக அரசாங்கத்தை நிந்திப்பது எளிது; அது நியாயமும் ஆகாது. நோயின் போக்கை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கிறோம் என்பதை மக்களிடம் சொல்லாமல் தீர்மானத்தை மட்டும் சொன்னதே குறை. இத்தனை நாள் தொடர்ந்து நோயாளிகளின் தொகை இந்த எண்ணுக்குக் கீழே நின்றால் பரீட்சை நடக்கும், நிற்காவிட்டால் பழைய மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம் என்று மே மாதத்திலேயே ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருந்தால், பதினைந்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து தன் எதிர்காலத்தை ஊகிக்க வேண்டிய அவசியம் நேர்ந்திராது. நிச்சயமின்மையை மறைக்காமல் நிபந்தனையோடு சொல்வது அரசாங்கத்தின் கௌரவத்துக்குக் குறைவு என்ற ஒரு பழைய அபிப்பிராயம் நம் நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேதி சொல்லாவிட்டால் பலவீனம் என்று கருதி ஒரு தேதியைச் சொல்வதும், அது கடந்துபோனபின் இன்னொரு தேதியைச் சொல்வதும் அதன் பலன்.

இன்னொரு சங்கடம், சொல்பவர்கள் பலராக இருந்தது. முதலமைச்சரின் அறிக்கை ஒன்று, கல்வி அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன் கோபிசெட்டிப்பாளையத்திலும் சென்னையிலும் பத்திரிகையாளர்களுக்கு அளித்த பேட்டிகள் பல, செயலரின் அரசாணை, இயக்குநரின் சுற்றறிக்கை, நீதிமன்றத்தின் உத்தரவு, மத்திய அரசின் ஊரடங்கு விதிமுறை என்று ஒரே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு குரல்கள் எழுந்தன. 2020 மே 27-ஆம் தேதி இணைய வழி வகுப்புகளுக்குத் தடை என்று அமைச்சர் சொன்னதும், சில மணி நேரத்துக்குள் அச்சொல் திருத்தப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கட்டண விவகாரத்திலோ, குடும்பங்களுக்கு வழி சொன்னது நீதிமன்றமே: 2020 ஜூலை 17-ஆம் தேதியின் உத்தரவில், தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்டு முடிவுக்குள்ளும், 35 சதவீதத்தைப் பள்ளிகள் திறந்து இரண்டு மாதத்துக்குள்ளும் வாங்கிக்கொள்ளலாம் என்று கூறப்பட்டது. வேலையிழந்த ஒரு தகப்பனாருக்கு அந்த மாதத்தில் மிகவும் பிரயோசனப்பட்ட கல்விச் செய்தி அதுவே. ஆனால் அது பள்ளியிலிருந்து அவருக்கு வரவில்லை. பத்திரிகையின் நீதிமன்றச் செய்திகளில் அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குரல்கள் பலவானபோது பொய்க்குரலும் எளிதில் கலந்துவிடும். துறையின் முத்திரையோடு போலிக் கால அட்டவணைகள் வாட்ஸ்அப்பில் உலவியதும், அவற்றை மறுப்பதே அலுவலர்களுக்கு ஒரு தனி வேலையாகிப் போனதும் இதனால் விளைந்தவை. 14417 என்ற கல்வி உதவி எண் அப்போது இருக்கத்தான் இருந்தது; எந்தச் செய்தியையும் அந்த எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்ற வழக்கத்தைத் தொடக்க நாட்களிலேயே மக்களிடையே பரப்பியிருந்தால் நன்மை விளைந்திருக்கும்.

பள்ளி திறப்புத் தேதிகளின் சரித்திரமும் இதே ரீதியில் தொடங்குகிறது. பத்து முதல் பன்னிரண்டு வரையுள்ள மாணவர்கள் பெற்றோரின் சம்மதத்தோடு 2020 அக்டோபர் 1 முதல் பள்ளிக்கு வரலாம் என்று செப்டம்பர் 24-இல் ஆணை வெளியாயிற்று. 29-ஆம் தேதி அது நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பர் 16 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்குத் திறக்கப்படும் என்று அக்டோபர் இறுதியில் சொல்லப்பட்டது. இந்த இடத்தில் ஒரு முக்கியமான மாறுதல் நிகழ்ந்தது. நவம்பர் 9-ஆம் தேதி பள்ளிகள்தோறும் பெற்றோரை அழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். கருத்துகள் பிளவுபட்டிருந்தன; 12-ஆம் தேதி திறப்பு ஒத்திவைக்கப்பட்டது. 2021 ஜனவரியின் முதல் பகுதியில் மறுபடியும் கூட்டம் கூட்டிக் கேட்டபோது, திறக்க வேண்டும் என்றே பெரும்பாலான பெற்றோர் சொன்னார்கள். ஜனவரி 19-ஆம் தேதி பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் என்ற ஏற்பாடுகளோடு.

வெளிப் பார்வைக்கு நவம்பரின் ஒத்திவைப்பும் செப்டம்பரின் நிறுத்தி வைப்பும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. இரண்டிலும் சொன்ன தேதி நடக்கவில்லை. ஆனால் நவம்பரில், எதனால் நடக்கவில்லை என்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்திருந்தது. தாமே பள்ளிக்குப் போய், காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அபிப்பிராயத்தின் விளைவு அது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்கு முந்திய எட்டு மாதத்தில் பெற்றோர் உத்தரவைப் பெறுபவராகவே இருந்தார். அந்த ஒரு நாளில் தீர்மானத்தில் பங்கு உடையவரானார். மாறிய முடிவு ஒன்று அவமதிப்பாகத் தோன்றாமல் நிதானமாகத் தோன்றியது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் என்பது என் கணிப்பு. குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. முதல் மாதத்திலேயே அக்குழுக்களை நாடியிருந்தால், குறைந்தபட்சம் ஊர் நிலவரம் ஊராரின் வாயிலாகவே தலைநகருக்குத் தெரிந்திருக்கும்.

படிப்பின் விஷயத்துக்கு வருவோம். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, ஓராண்டு முடிவதற்குள் இப்படியொரு பாரம் தன்மேல் விழும் என்று எதிர்பார்த்திராத நிலையில், 2020 ஜூலையிலிருந்து மாநிலத்தின் பொது வகுப்பறையாயிற்று. தனியார் தொலைக்காட்சிகள் சிலவும் நேரம் கொடுத்தன. பன்னிரண்டாம் வகுப்பினருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த விலையில்லா மடிக்கணினிகளில் பாடங்களைப் பதிந்து கொடுத்தார்கள். பாடநூல்கள் பள்ளியில் வைத்து, கூட்டம் சேராமல், முறை வைத்து வழங்கப்பட்டன. இவை யாவும் நன்மை பயத்த காரியங்கள். எனினும் ஒளிபரப்பு அட்டவணை என்பது, இன்ன நேரத்தில் இன்ன வகுப்புக்கு இன்ன பாடம் என்ற செய்தியைத் தருகிறதே தவிர, கூலி வேலைக்குப் போய்விட்ட தாயின் வீட்டில், மூன்று குழந்தைகளுக்கு ஒரு தொலைக்காட்சி இருக்கும் நிலையில், அதன் முன் யாரை யார் உட்கார வைப்பது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை.

இந்த உபாயம் புதியதும் அன்று. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவிப் பள்ளிகளைத் திறக்க முடியாமல் போனபோது, ஆறு வானொலி நிலையங்கள் இலவசமாக நேரம் ஒதுக்க, பதினைந்து நிமிஷப் பாடங்கள் ஒலிபரப்பாயின. அன்றாடப் பாடத்தின் விவரமும் கேள்விகளும் நகரத்துத் தினசரிகளில் அச்சாகி வந்தன. பெற்றோர் தொலைபேசியில் கேட்டால் விளக்கம் சொல்வதற்குக் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை உத்தேசித்துச் செய்த அந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயங்கள் நம் கவனத்துக்கு உரியவை. கேட்டுச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் வழி பாடத்தோடு சேர்த்தே வகுக்கப்பட்டிருந்தது என்பது ஒன்று. பாடங்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்குமே இருந்தன, முதல் இரண்டு வகுப்புகளுக்கு இல்லை என்பது மற்றொன்று. எழுத்தறியாத குழந்தைக்குத் தூரத்திலிருந்து எழுத்தைக் கற்பிக்க முடியாது என்பதை அங்கே முதல் நாளே உணர்ந்திருந்தார்கள். உணர்ந்தும் அதற்கு மாற்று எதையும் அவர்கள் செய்யவில்லை. சில வாரங்களில் பள்ளிகள் திறந்துவிட்டதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாமல் போயிற்று. நமக்கோ அது சில வாரங்களில் முடியவில்லை.

மத்திய அரசு 2020 ஜூலை 14-இல் வெளியிட்ட பிரக்யாதா என்ற வழிகாட்டு நெறிமுறை, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிஷம் வரையுள்ள இரண்டு அமர்வுகளுக்கு மேல் இணைய வகுப்பு கூடாது என்றது. கண்ணுக்கும் மனத்துக்கும் இரக்கம் காட்டிய விதி அது. ஆனால் இணையமே இல்லாத வீட்டுக்கு அதிகபட்ச நேரத்தை வரையறுப்பதால் ஆவது என்ன? பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் முதலியோர் முன்னின்று, 2021 ஆகஸ்டில், 15 மாநிலங்களிலும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளிலும் எளிய குடும்பங்கள் வசிக்கும் குடியிருப்புகளில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சந்தித்து நடத்திய ஆய்வில், கிராமத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 8 பேரே ஒழுங்காக இணைய வழியில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்றும், 37 பேர் படிப்பதையே விட்டிருந்தார்கள் என்றும் கண்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த வீட்டுப் பாடமும் பாடநேர அட்டவணையும் எத்தனை பேரை உத்தேசித்து எழுதப்பட்டனவோ, அவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழுவுக்கு வெளியே இருந்தார்கள்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கிய பகல் உணவு, லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அன்றைய பிரதான ஆகாரம். பள்ளி மூடல் அறிவிப்பில் அந்தச் சோற்றுக்கு என்ன வழி என்று ஒரு வரியும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வழங்கப்படும் என்ற ஏற்பாடு வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. சத்துணவு முட்டையைப் பற்றி நீதிமன்றத்தில் கேள்வி எழ வேண்டியிருந்தது. பள்ளியை மூடுவது என்றால் சமையற்கூடத்தையும் மூடுவது என்று கோப்பில் எழுதியவர்களுக்கு அப்போது தோன்றாமல் போனது வருத்தத்துக்கு உரியது.

இப்போது, வகுப்பு வாரியாக அறிவிப்புகளைப் பிரித்து வைத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பரீட்சைத் தேதி, மாற்றுத் தேதி, ரத்து, மதிப்பெண் கணக்கிடும் விதம், குறைக்கப்பட்ட பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், மேற்படிப்புச் சேர்க்கை என்று அறிவிப்புகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. ஆட்சி மாறிய பின்னரும் இந்த விகிதம் மாறவில்லை. 2021 ஜூன் 5-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்த பிறகு, பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அக மதிப்பீடுகளிலிருந்து 30 என்று மதிப்பெண் பகுக்கப்பட்டதும், அதன் நுட்பங்களைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக விளக்கியதும் நாம் அறிந்தவை. அவை தேவையற்றவை என்று நான் கூறவில்லை. ஒரு மதிப்பெண்ணில் கல்லூரி இடம் போய்விடும் நாட்டில் அந்தக் கவலை இயற்கையே. ஆனால் ஒன்றாம் வகுப்பைப் பற்றி அதே காலத்தில் வந்தவை எவை? 2020 மார்ச்சில், ஒன்பதாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்பு, ஆகஸ்டில், சேர்க்கை தொடங்கும் என்ற அறிவிப்பு, பாடநூல் வழங்கும் நாள், தொலைக்காட்சி அட்டவணை. இவற்றுக்கு மேல் அதிகம் இல்லை. பரீட்சை இல்லாத வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கு நிர்வாகத்திடம் விஷயமே இருக்கவில்லை.

மூடிக் கிடந்த கால அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் முதலில் திறந்தது பத்து மாதத்தில். ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதாவது பத்தொன்பதரை மாதம் கழித்து. பிறகு ஓமிக்ரான் அலையால் 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1-இல் திறந்தார்கள். மழலையர் வகுப்புகளுக்கு வாசல் திறந்தது பிப்ரவரி 16-ஆம் தேதி. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த குழந்தை, திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிக்கொண்ட குழந்தை, வகுப்பறையை முதன்முதலில் கண்டபோது அது இரண்டாம் வகுப்பு மாணவன். தேர்ச்சி என்ற அறிவிப்பு அவர்களை ஏடுகளில் ஏற்றிவிட்டது; எழுத்து அவர்களோடு ஏறவில்லை. அந்த வேறுபாட்டைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு எந்த அறிவிப்பிலும் ஏற்கப்படவில்லை. பிள்ளை தேறிவிட்டான் என்று அரசாங்கமே சொன்னபின், எழுதப் படிக்கத் தெரியாத தகப்பனுக்குக் கவலைப்பட வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் செய்த ஆராய்ச்சி இந்த நஷ்டத்தை அளந்து காட்டியது. பெருந்தொற்றுக்கு முன்பு, 2019-இலேயே அவர்கள் அப்பகுதிக் குழந்தைகளின் அறிவை அளந்து வைத்திருந்தது நம் பாக்கியம். 2021 டிசம்பரில் மறுபடி அளந்தபோது, 2019-இல் அதே வயதில் இருந்த குழந்தைகளைக் காட்டிலும் கணிதத்தில் 0.7 திட்டவிலக்கமும், மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். புள்ளியியல் பாஷையைப் பழகாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: 2019-இல் நூறு குழந்தைகளைக் கணிதத் திறமையின்படி வரிசையாக நிறுத்தியிருந்தால், 2021-இன் நடுத்தரக் குழந்தை அந்த வரிசையில் ஐம்பதாவது இடத்தில் நிற்காமல், கீழிருந்து ஏறத்தாழ இருபத்தைந்தாவது இடத்தில் நின்றிருக்கும்.

இந்த ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதி நெஞ்சுக்கு ஆறுதல் தருவது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தின் பயன் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின்படி, ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், அவர்கள் வசிக்கும் தெருவிலேயே, சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம், தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு முன்வந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் தெருவில் பிறந்தோ வாழ்க்கைப்பட்டோ அங்கேயே இருப்பவர்கள். எந்த வீட்டில் தொலைபேசி இல்லை, எந்தப் பிள்ளை ஆடு மேய்க்கப் போகிறான் என்பதை ஒருவர் சொல்லாமலே அறிந்தவர்கள்.

அத்திட்டத்தின் கற்பிக்கும் பயனைப் பற்றி ஆராய்ச்சிகள் பேசுகின்றன. செய்தி கொண்டுபோய்ச் சேர்க்கும் வகையில் அது செய்த உபகாரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அற்றுப்போன கடைசிக் கண்ணியை மறுபடி பொருத்தியவர்கள் அந்தப் பெண்கள். தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு இரண்டெழுத்துச் சொல்லும் படிக்க வரவில்லை என்பதைத் தாயிடம் வாசலில் நின்று பேசிப் புரியவைத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களை 2020 ஜூன் மாதத்திலேயே தெருத்தோறும் தேடி, திறந்த வெளியில் பத்துப் பேர் வீதம் உட்கார வைத்திருக்க முடியாதா என்ற கேள்வியை நான் பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் அலையின் பயத்தை நினைக்கும்போது, எல்லா மாதங்களிலும் முடிந்திராது என்றே தோன்றுகிறது. ஆனால் 2021-இன் தொடக்கத்தில், நோய் தணிந்து பெரிய வகுப்புகள் திறந்திருந்த இரண்டு மாதங்களில், நிச்சயம் முடிந்திருக்கும். பரீட்சை எழுத வேண்டியவர்களை அழைப்பதற்கு அப்போது ஒரு காரணம் கண்ணெதிரே இருந்தது. எழுத்தறிய வேண்டியவர்களை அழைப்பதற்குரிய காரணம் யார் கண்ணிலும் படவில்லை.

இத்தகைய ஆராய்ச்சியைச் செய்ய விரும்புகிறவருக்கு ஒரு பெரிய இடையூறு உண்டு. அரசாணைகள் எண்ணிடப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. சட்டமன்ற உரைகளும் அச்சாகின்றன. ஆனால் முதன்மைக் கல்வி அலுவலர்கள் அனுப்பிய செயல்முறைகள், வட்டார அலுவலகங்களிலிருந்து குரல் பதிவாகப் போன கட்டளைகள், வகுப்பு ஆசிரியர் தம் குழுவில் எழுதிய செய்திகள், நவம்பர் 9-ஆம் தேதி பெற்றோர் தம் கைப்பட எழுதிக் கொடுத்த தாள்கள் ஆகியவை எங்கும் ஒருசேரத் தொகுக்கப்படவில்லை. தலைமையாசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள், தொலைபேசிகள் மாற்றப்படுகின்றன, பழைய தாள்கள் கழித்துக் கட்டப்படுகின்றன. மாவட்டத்துக்கு ஒரு பள்ளியையாவது தேர்ந்தெடுத்து, 2020 மார்ச் முதல் 2022 பிப்ரவரி வரை அங்கே வந்ததும் அங்கிருந்து போனதுமான ஒவ்வொரு செய்தியையும், வந்த நேரத்தோடும், ரத்தான தேதியோடும் திரட்டி, சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் சேர்க்கும் வேலையை ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையோ சரித்திரத் துறையோ இப்போதே மேற்கொள்ளலாம். அதை மேற்கொள்பவர்கள் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்; உயர்நிலைப் பள்ளிகளில் காகிதம் எப்படியும் கிடைக்கும்.